சாவு வீட்டிலிருந்து தொடங்குங்கள்: கிறிஸ்தவத்தையும் பௌத்தத்தையும் ஒப்பிட்டுப் படிக்க ஒரு வழிகாட்டி

கொழும்பில் வேலை பார்த்த நாட்களில், கூட வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவரின் அப்பா இறந்துபோனார். தெரு முழுக்க வெள்ளைக் கொடி. பிக்குகள் வந்து உட்கார்ந்ததும் அவர்களுக்கு ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்தார்கள். அப்புறம் வீட்டார் எல்லாரும் ஒரு சின்னக் கூஜாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தட்டில் வைத்திருந்த கோப்பைக்குள் தண்ணீர் ஊற்றினார்கள். கோப்பை நிரம்பி வழிந்தது. வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். கை எட்டாதவர்கள் முன்னால் இருந்தவரின் தோளைத் தொட்டுக்கொண்டார்கள். நண்பரின் அம்மா என் கையையும் இழுத்து மகனுடைய முழங்கையில் வைத்தார். பிக்குகள் ஓதியதன் பொருளைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மழைநீர் நிறைந்த ஆறுகள் கடலை நிரப்புவதுபோல, இங்கே கொடுப்பது இறந்தவர்களைச் சென்று சேரட்டும் என்பதுதான் அது.

அதற்கு ஆறு மாதம் முன்னால் பாளையங்கோட்டையில் என் பாட்டியை அடக்கம் செய்திருந்தோம். குழிக்குள் பெட்டியை இறக்கியதும் போதகர் ஜெபம் சொன்னார். மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல், தூளுக்குத் தூள். ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டோம். பெட்டியின் பலகையில் மண் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதே மூச்சில் போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றியும் சொன்னார். பாட்டி தூங்குகிறாள், ஒருநாள் எழுப்பப்படுவாள் என்றார்.

இந்த இரண்டு மதங்களையும் ஒப்பிட்டுப் படிக்கக் கிளம்பும் பலர் 'கடவுள் உண்டா இல்லையா' என்ற இடத்தில் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால் அரை மணி நேரத்தில் அது வாக்குவாதமாகிவிடும். சாவு வீட்டில் தொடங்குங்கள் என்பதுதான் என் யோசனை. ஒரு சாவின் முன்னால் நின்று அவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று கவனித்தால், வாழ்க்கையைப் பற்றியும் உண்மையைப் பற்றியும் அவர்கள் நினைப்பது தானாகவே வெளியே வரும். நான் போன வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். மாதம் ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

முதல் படி: எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

இது சின்ன வேலைதான், ஆனால் விட்டுவிடக் கூடாது. இறந்தவர்களுக்காகக் கத்தோலிக்கர் ஜெபிப்பார்கள், மோட்சத்துக்கு முன் ஆத்துமா தூய்மையாகும் உத்தரிக்கும் ஸ்தலம் உண்டு என்பார்கள். சீர்திருத்த சபைகள் அதை ஏற்பதில்லை. பௌத்தத்திலும் அப்படித்தான். இலங்கை, தாய்லாந்து, மியான்மரில் உள்ள தேரவாதம் இறந்த கணத்தை ஒட்டியே அடுத்த பிறப்பு என்கிறது. திபெத்தியர் இறப்புக்கும் அடுத்த பிறப்புக்கும் நடுவில் 49 நாள் வரை ஓர் இடைநிலை இருக்கலாம் என்கிறார்கள். அம்பேத்கர் 1956-இல் நாக்பூரில் ஏற்ற பௌத்தமோ ஆன்மா கூடுவிட்டுக் கூடு பாயும் பேச்சையே ஏற்காது. முதல் தடவைக்கு ஒரு பக்கம் தேரவாதத்தையும், இன்னொரு பக்கம் எல்லாச் சபைகளுக்கும் பொதுவான கிறிஸ்தவ நம்பிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் போகிறது. மற்றவற்றை அப்புறம் சேர்க்கலாம்.

இரண்டாம் படி: மூன்று தாய்மார்களைப் படியுங்கள்

கோட்பாட்டுப் பட்டியலுக்கு முன்னால் கதைகள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கதை இரண்டு பக்கமும் இருக்கிறது, தமிழிலும் ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்து, முடிந்தால் ஒரே மாலையில் படியுங்கள்.

ஒன்று, லூக்கா 7-ஆம் அதிகாரம். நாயீன் ஊர் வாசலில் ஒரு சவ ஊர்வலம் வருகிறது. இறந்தவன் ஒரு விதவையின் ஒரே மகன். இயேசு அவளைப் பார்த்து மனதுருகி "அழாதே" என்கிறார். பாடையைத் தொடுகிறார். "வாலிபனே, எழுந்திரு என்று உனக்குச் சொல்லுகிறேன்" என்கிறார். அவன் எழுந்து உட்கார்ந்து பேசத் தொடங்குகிறான். இயேசு அவனைத் தாயிடம் ஒப்படைக்கிறார்.

இரண்டு, கிசா கோதமி. சாவத்தி நகரத்துப் பெண். செத்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்து கேட்டு வீடு வீடாக அலைகிறாள். புத்தர் மறுக்கவில்லை. கொஞ்சம் கடுகு வாங்கி வா என்கிறார், ஆனால் சாவே நடக்காத வீட்டிலிருந்து வாங்கி வர வேண்டும். கடுகு எல்லா வீட்டிலும் இருக்கிறது. சாவு நடக்காத வீடுதான் இல்லை. சாயங்காலத்துக்குள் அவளுக்குப் புரிகிறது. குழந்தையைக் கிடத்திவிட்டு வந்து பிக்குணியாகிறாள்.

மூன்றாவது, தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் ஆறாவது காதையான (காதை என்றால் அத்தியாயம்) சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. அதில் வரும் தாயின் பெயரும் கோதமைதான். அவள் மகன் சார்ங்கலன் இரவில் சுடுகாட்டுக்குள் போய், பேயாடுவதைக் கண்டு அஞ்சி, ஓடி வந்து உயிர் விடுகிறான். கணவனுக்கோ கண் தெரியாது. மகனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பாபதித் தெய்வத்தின் முன் கதறுகிறாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று: "என் உயிர் கொண்டு இவன் உயிர் தந்தருளில்", இவன் என் கணவனைக் காப்பாற்றுவான். தெய்வம் முடியாது என்கிறது. உயிர் தன் வினைவழியே போகும் என்கிறது. உயிருக்கு உயிர் மாற்ற முடியுமானால் அரசர்களுக்காக உயிர் கொடுக்க ஆளா இல்லை, இந்தச் சுடுகாட்டில் அரசர்க்கு மட்டும் ஆயிரம் நினைவுக் கோட்டம் இருக்கிறதே என்று கேட்கிறது. அவள் நம்பவில்லை. சம்பாபதி சக்கரவாளத்து, அதாவது உலகத் தொகுதி முழுவதிலும் உள்ள, தெய்வங்களை எல்லாம் வரவழைத்து, அவர்கள் வாயாலும் அதையே சொல்ல வைக்கிறது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசியுங்கள். நான் முதல் தடவை படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 'என் உயிரை எடுத்துக்கொள், இவன் உயிரைத் தா' என்று கோதமை கேட்கிறாள். அது நடக்காது என்று எல்லாத் தெய்வங்களும் சாட்சி சொல்கின்றன. கிறிஸ்தவம் முழுவதுமே அது நடந்துவிட்டது என்ற செய்திதான். அநேகரை மீட்கும் பொருளாகத் தன் ஜீவனைக் கொடுக்க வந்தேன் என்று மாற்கு 10-இல் இயேசு சொல்கிறார். புத்தர் வாக்குகளின் தொகுப்பான தம்மபதத்தின் 165-ஆம் பாடலோ, ஒருவனை இன்னொருவன் தூய்மையாக்க முடியாது என்கிறது. இரண்டு மதங்களும் எங்கே பிரிகின்றன என்று யாராவது கேட்டால், நான் கோதமையின் இந்த ஒரு வரியைத்தான் காட்டுவேன்.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே இரண்டு விதமாகச் சறுக்குவார்கள். 'இயேசு பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார், புத்தரால் முடியவில்லை' என்பது ஒன்று. கிசா கோதமி கதையில் பிள்ளை பிழைத்தால், அவள் இன்னொரு நாள் இதே சாவை மறுபடி சந்திக்க வேண்டும். அந்தக் கதை சாவைத் தள்ளிப்போடும் கதை இல்லை, சாவைப் பார்க்கும் கண்ணை மாற்றும் கதை. 'புத்தர் உண்மையைக் கொடுத்தார், இயேசு ஆறுதல் மட்டும் கொடுத்தார்' என்பது இன்னொன்று. நாயீன் ஊர் வாலிபனும் பின்னால் ஒருநாள் இறந்திருப்பான் என்பது கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். அவன் எழுந்தது ஓர் அடையாளம். அவர்கள் எதிர்பார்க்கும் உயிர்த்தெழுதல், மறுபடி சாகாத உயிர்த்தெழுதல்.

மூன்றாம் படி: சொற்களைப் பிரித்து வையுங்கள்

தமிழில் படிப்பவருக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு மதங்களும் ஒரே தமிழ்ச் சொற்களை எடுத்து வெவ்வேறு வேலைக்கு வைத்திருக்கின்றன. நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒரே சொல்லுக்கு இரு பக்கமும் பொருள் எழுதி வாருங்கள்.

'மறுபிறப்பு' என்ற சொல்லை எடுங்கள். சபையில் ஒருவர் 'மறுபிறப்பு அடைந்தேன்' என்றால், யோவான் 3-இல் நிக்கொதேமுவுக்கு இயேசு சொன்னது அவர் மனதில் இருக்கிறது. ஆவியினால் புதிதாகப் பிறப்பது. அது வாழ்நாளிலேயே நடப்பது, கொண்டாட வேண்டியது. பௌத்தருக்கு மறுபிறப்பு என்பது நின்றுபோக வேண்டிய சங்கிலி. மணிமேகலையின் இரண்டாவது காதையில், பௌத்தத் துறவி அறவண அடிகள் தனக்குச் சொன்னதாக மணிமேகலையின் தாய் மாதவி சொல்வாள்: "பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம், பிறவார் உறுவது பெரும்பேரின்பம்." ஒருவர் கேட்டு வாங்க விரும்புவதை இன்னொருவர் விட்டுவிட விரும்புகிறார். சொல் ஒன்றுதான்.

'பற்று' இன்னும் நுட்பமானது. மாதவி தொடர்ந்து சொல்வதில் துன்பம் பற்றினால் வருகிறது, இன்பம் பற்று அற்றோர்க்கு வருகிறது. தேவாலயத்தில் வளர்ந்த எனக்கோ கர்த்தரைப் பற்றிக்கொள், அவருடைய வாக்கைப் பற்றிக்கொள் என்றே சொல்லிக் கொடுத்தார்கள். கிறிஸ்தவத்திலும் பொருளாசையை விடச் சொல்கிறார்கள், உண்மை. ஆனால் விட்டுவிட்டு வெறுங்கையாக நிற்கச் சொல்வதில்லை. ஒருவரைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

'துக்கம்' என்றால் அழுகை, சோகம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். புத்தர் சொன்ன துக்கத்தில் நல்ல சாப்பாடும் அடங்கும், ஏனென்றால் அதுவும் தீர்ந்துபோகிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் 'பாவம்' என்று எழுதுங்கள். பௌத்தம் நோயின் வேரை அறியாமையிலும் வேட்கையிலும் பார்க்கிறது. கிறிஸ்தவம் அறுந்துபோன உறவில் பார்க்கிறது, மனிதன் கடவுளுக்கு முதுகு காட்டிய இடத்தில். நோய் வேறு என்பதால் மருந்தும் வேறாகிறது. ஒரு பக்கம் விழிப்பு, இன்னொரு பக்கம் மன்னிப்பு.

'ஆத்துமா'வைப் பற்றி அடுத்த படியில் சொல்கிறேன்.

நான்காம் படி: இறப்பது யார்?

கிறிஸ்தவர்கள் சொல்வது 'ஆத்துமா மோட்சத்துக்குப் போகும்' என்று முடிந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள், கிறிஸ்தவர்களிலேயே பலர் உட்பட. சபையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணம் அங்கே நிற்பதில்லை. சரீரம் உயிர்த்தெழும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மண்ணைக் கடவுள் பிசைந்தார், மூச்சை ஊதினார், நன்றாயிருக்கிறது என்றார். அந்த உடம்பைக் குப்பையாக எறிந்துவிட்டு ஆத்துமாவை மட்டும் எடுத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. அதனால்தான் பவுல் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். வாழ்க்கை ஒரே ஒரு தடவை, அப்புறம் நியாயத்தீர்ப்பு. இந்தப் பாட்டி இந்த ஒரு பாட்டிதான்.

பௌத்தம் இதையே தலைகீழாகக் கேட்கிறது. பாட்டி என்று நாம் சொன்னது எது? உடம்பு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ளறிவு என்ற ஐந்து கந்தங்கள் சேர்ந்திருந்தன. அவற்றுக்கு வெளியே மாறாத ஆத்துமா ஒன்று தனியாக இல்லை. அப்படியானால் மறுபடி பிறப்பது யார்? மிலிந்தன் என்ற அரசனுக்கு நாகசேனர் என்ற பிக்கு சொல்லும் விளக்கு உவமையைப் படியுங்கள். முன்னிரவில் எரிந்த சுடரும் விடியற்காலையில் எரியும் சுடரும் ஒன்றா? ஒன்று என்று சொல்ல முடியாது. வேறு விளக்கா? அதுவும் இல்லை. அவனே என்றும் சொல்ல முடியாத, வேறொருவன் என்றும் சொல்ல முடியாத ஒரு தொடர்ச்சி. பேதைமையில் தொடங்கிப் பன்னிரண்டு கண்ணிகளாக அந்தத் தொடர்ச்சி எப்படி ஓடுகிறது என்பது மணிமேகலையின் கடைசிக் காதையில் நல்ல தமிழில் இருக்கிறது: செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று போகும். மனப்பாடம் செய்ய வேண்டாம். வேட்கையிலிருந்து பற்றுக்குப் போகும் அந்த ஒரு கண்ணியை மட்டும், காலையில் கைபேசியைத் தேடும் உங்கள் கையில் ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

இரண்டு விளக்கங்களுக்கும் அதனதன் கடினமான கேள்வி உண்டு. அதையும் நோட்டில் எழுதுங்கள். ஆத்துமா இல்லையென்றால் ஒருவன் செய்த வினையை அனுபவிப்பது யார் என்பது பௌத்தரிடம் கேட்கப்படும் கேள்வி. அன்பான கடவுள் குழந்தையை ஏன் சாக விட்டார் என்பது கிறிஸ்தவரிடம் கேட்கப்படும் கேள்வி. இரு தரப்பும் இவற்றுடன் இருபது நூற்றாண்டுகளாகப் போராடுகிறார்கள். ஒரு வரியில் மடக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1873 ஆகஸ்டில் இலங்கையின் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் வெஸ்லியன் சபையின் டேவிட் டி சில்வாவும் இரண்டு நாள் பெருங்கூட்டத்தின் முன் வாதம் செய்தார்கள். ஆத்துமாதான் அங்கே முக்கியமான பேச்சு. இலங்கை வரலாற்றில் அந்த விவாதத்துக்குப் பெரிய இடம் உண்டு, பௌத்தத்துக்கு ஆதரவாக இயங்கிய அமெரிக்கர் ஹென்றி ஆல்காட் 1880-இல் அங்கே வந்து சேர்ந்ததற்கும் அதன் அச்சிட்ட அறிக்கை ஒரு காரணம். ஆனால் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு அது நல்ல முன்மாதிரி இல்லை. எதிராளியின் பலவீனமான இடத்தைத் தேடுகிறவர் கண்ணில் பலமான இடம் படுவதே இல்லை.

ஐந்தாம் படி: உண்மை எங்கே இருக்கிறது?

இதற்கு ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறேன். 'நிறுவியவரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?' என்று இரு பக்கமும் கேட்டுப் பாருங்கள்.

பௌத்த சூத்திரங்களில் ஓர் இடம் வருகிறது. ததாகதர்கள், அதாவது புத்தர்கள், தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் இந்த நியதி நின்றுகொண்டுதான் இருக்கும், புத்தர் அதைக் கண்டு எடுத்துச் சொல்கிறார், அவ்வளவுதான். தன் போதனையையே ஒரு தெப்பம் என்கிறார். ஆற்றைக் கடந்த பிறகு தெப்பத்தைத் தலையில் சுமந்துகொண்டு திரிவாயா என்று கேட்கிறார். இங்கே உண்மை என்பது பார்க்க வேண்டிய ஒன்று. எனக்காக இன்னொருவர் பார்க்க முடியாது. காலாமர் என்ற மக்களுக்குப் புத்தர் சொன்ன சூத்திரத்தைச் சிலர் 'உனக்குத் தோன்றியதை நம்பு' என்று வாசிக்கிறார்கள், அது தவறு. ஊர் சொல்கிறது, நூல் சொல்கிறது, குரு சொல்கிறார் என்பதற்காக ஏற்காதே, இது தீமை தருமா நன்மை தருமா என்று நீயே அறி, அறிந்தவர்கள் பழிப்பது எது புகழ்வது எது என்றும் பார் என்கிறது அது.

கிறிஸ்தவத்தில் இயேசுவை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. அதைக் கிறிஸ்தவர்களே சொல்கிறார்கள். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். உண்மை ஒரு நிகழ்ச்சியின்மேல், ஓர் ஆளின்மேல் நிற்கிறது. "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்கிற இயேசுவிடம் பிலாத்து "சத்தியமாவது என்ன?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வெளியே போய்விடுகிறான். எபிரெயத்தில் உண்மைக்கு உள்ள சொல்லும் 'ஆமென்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. உறுதியானது, சாய்ந்துகொள்ளத் தக்கது என்பது அந்த வேரின் பொருள். நம் ஊர்ச் சர்ச்சில் பாட்டிகள் அழுத்திச் சொல்லும் ஆமெனில் அந்தச் சாய்தல் இருக்கிறது.

சரி, இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று சமாதானம் பேசுபவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்லும்போது இரண்டு பேருடைய பேச்சையும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆறாம் படி: நேரில் போங்கள்

புத்தகத்தில் படித்தது பாதிதான். அழைத்தால் சாவு வீட்டுக்குப் போங்கள், இல்லாவிட்டால் நினைவு நாளுக்குப் போங்கள். இலங்கையில் பௌத்தர் வீட்டில் ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் பிக்குகளுக்கு உணவளிக்கும் தானம் இருக்கும். கத்தோலிக்கர் நவம்பர் 2 அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, மெழுகுவத்தி ஏற்றி, பூ வைப்பார்கள். அன்று யாரும் உங்களை அந்நியராகப் பார்க்க மாட்டார்கள். பௌத்தர் வீட்டுச் சாவுக்கு வெள்ளை உடை. விகாரையில் செருப்பைக் கழற்றுங்கள், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். கத்தோலிக்கப் பூசையில் நற்கருணை வாங்க வரிசை நகரும்போது, நீங்கள் கத்தோலிக்கர் இல்லையென்றால் இடத்திலேயே உட்கார்ந்திருங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

'நீங்கள் இதை நம்புகிறீர்களா?' என்று கேட்காதீர்கள். 'இதை ஏன் செய்கிறீர்கள்?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வரும், இரண்டாவதற்குக் கதை வரும்.

கண்ணீரையும் கவனியுங்கள். லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழுதார், அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். புத்தர் குசினாராவில் இறக்கும் தறுவாயில் படுத்துக் கிடந்தபோது அவருடைய சீடர் ஆனந்தர் உள்ளே போய்க் கதவோரம் சாய்ந்து நின்று அழுதார். புத்தர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அழாதே ஆனந்தா, பிரியமானவை எல்லாம் பிரிந்துபோகும் என்று சொல்லியிருக்கிறேனே என்றார். அதோடு நிறுத்தவில்லை. இத்தனை காலம் அன்போடு எனக்குப் பணிவிடை செய்தாய் என்று எல்லார் முன்னாலும் புகழ்ந்தார். இந்த இரண்டு இடங்களையும் சேர்த்து வாசிக்காமல், ஒருவர் உணர்ச்சிக்காரர், இன்னொருவர் கல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நண்பரின் அப்பாவுக்கு மூன்றாம் மாதத் தானம் நடந்த அன்று, சாப்பாடு முடிந்த பிறகு அவருடைய அம்மாவிடம் அந்தத் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். நண்பர் மொழிபெயர்த்தார். தன் கணவருக்குப் பிடித்த பலாக்கொட்டைக் கறியை அன்று பிக்குகளுக்குப் பரிமாறியதாகச் சொன்னார். அந்தப் புண்ணியம் அவரைச் சேரும், அவர் எங்கே பிறந்திருந்தாலும் கொஞ்சம் லேசாக இருக்கும் என்றார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார், "உன் பாட்டியை மறுபடி பார்ப்பாயா?" பார்ப்பேன் என்றேன். "அப்போது அடையாளம் தெரியுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி அறைக்கு வந்து கொரிந்தியர் முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தை, பல வருடம் கழித்து, கேள்வியோடு வாசித்தேன். மரித்தவர்கள் எப்படிப்பட்ட சரீரத்தோடு வருவார்கள் என்று அங்கேயும் ஒருவன் கேட்கிறான். பவுல் விதையைக் காட்டுகிறார், விதைத்தது ஒன்று, முளைப்பது இன்னொன்று. அங்கிருந்து யோவான் 20-க்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் உயிர்த்த இயேசுவைத் தோட்டக்காரன் என்று நினைக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அடையாளம் தெரிகிறது. அடுத்த முறை போகும்போது அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று நோட்டில் குறித்துவைத்தேன்.